பழைய மரை லென்ஸை வேறு ஃபிலிம் கேமராவில் பூட்டுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பழைய அலமாரிகளிலிருந்தும், மூடிவிட்ட ஸ்டூடியோக்களிலிருந்தும், ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்தும் இன்றும் கைக்கு வருபவை பின்பக்கம் மரை வெட்டிய லென்ஸ்கள்: தாக்குமார், ஹீலியோஸ், பென்டகான், டெஸ்ஸார். அவற்றோடு வரும் கேமராவுக்கு ஷட்டர் ஓடாது, வெளிச்ச மீட்டர் அசையாது. ஆனால் லென்ஸ் நல்லபடியாக இருக்கும். அதை ஓடுகிற இன்னொரு ஃபிலிம் கேமராவில் பூட்ட ஒரு உலோக வளையம் போதும். அந்த வளையத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் கூடினால், அபர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்து எடுத்த படத்தில் தூரத்து மலை மங்கிப்போகும். அதனால் வாங்கும் முன் கணக்கு பார்க்க வேண்டும், வாங்கிய பின் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய கருவி தேவையில்லை.

மரை எந்த மரை?

வெர்னியர் அளவுகோல் இருந்தால் லென்ஸின் பின் மரையை வெளிப்பக்கமாக அளந்து பாருங்கள். 42 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் எம்42 என்னும் மரையாக இருக்கலாம். 39-ஐ ஒட்டிக் காட்டினால் அது வேறு குடும்பம், பின்னால் வருகிறேன். 42 என்று கண்டதும் முடிவு கட்டிவிடாதீர்கள். டி2 என்று இன்னொரு மரை உண்டு. அதற்கும் விட்டம் 42 தான். மரை இடைவெளிதான் வேறு: எம்42-க்கு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ., டி2-க்கு 0.75 மி.மீ. டி2 லென்ஸை எம்42 வளையத்தில் திருகினால் ஒரு சுற்று போய் இறுகி நிற்கும். அதற்கு மேல் பலம் கொடுத்தால் அலுமினிய மரை அழிந்துவிடும்.

இதைப் பிரித்துக் காட்ட மோட்டார் பட்டறையில் கிடைக்கும் ஒரு போல்ட்டே போதும். கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போடும் போல்ட் எம்6. அதன் மரை இடைவெளி சரியாக 1 மி.மீ. போல்ட்டைக் குறுக்கே படுக்க வைக்காமல், அதன் நீளம் லென்ஸின் நீளத்தோடு ஒரே திசையில் இருக்கும்படி மரையோடு மரை ஒட்டவைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லோடு பல் உட்கார்ந்து வெளிச்சம் புகாவிட்டால் எம்42. இரண்டு மூன்று பல்லுக்குப் பிறகு மேடும் மேடும் மோதினால் டி2.

வளையத்தின் கணக்கு

லென்ஸ் உட்காரும் உலோக முகத்திலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் ஒவ்வொரு கேமரா வகைக்கும் மாறாதது. எம்42-க்கு அது 45.46 மி.மீ. இந்த மவுண்ட் (லென்ஸ் பூட்டும் அமைப்பு) 1949-ல் டிரெஸ்டனில் வந்த காண்டாக்ஸ் எஸ் கேமராவோடு தொடங்கியது. பென்டாக்ஸ் 1957-ல் இதை எடுத்துக்கொண்டு, 1975-ல் கே மவுண்ட்டுக்கு மாறும்வரை வைத்திருந்தது. மாறும்போதும் தூரத்தை மாற்றவில்லை. கே மவுண்ட்டும் 45.46 தான்.

மற்றவை இப்படி:
கேனன் இஓஎஸ் 44.0
மினோல்டா எம்டி 43.5
கேனன் எஃப்டி 42.0
ஒலிம்பஸ் ஓஎம் 46.0
நிக்கான் எஃப் 46.5
லைக்கா ஆர் 47.0

45.46-லிருந்து உங்கள் கேமராவின் எண்ணைக் கழியுங்கள். வரும் விடைதான் வளையத்தின் தடிமன். இஓஎஸ்-க்கு 1.46, மினோல்டாவுக்கு 1.96, கேனன் எஃப்டி-க்கு 3.46. விடை மைனஸாக வந்தால் அந்தக் கேமராவில் வெறும் வளையத்தால் தூரத்து ஃபோக்கஸ் கிடைக்காது.

மைனஸ் எவ்வளவு பாதிக்கும் என்பதையும் கணக்கிட முடியும். லென்ஸின் மி.மீ. எண்ணை அதே எண்ணால் பெருக்கி, கூடிப்போன தூரத்தால் வகுத்தால், அந்த லென்ஸ் ஃபோக்கஸ் செய்யக்கூடிய அதிகபட்சத் தூரம் ஏறக்குறைய வந்துவிடும். நிக்கானில் 50 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மவுண்ட்டுக்குள் முழுக்க இறங்கும் வளையம் போட்டாலும் 1.04 மி.மீ. அதிகம், 2500-ஐ 1.04-ஆல் வகுத்தால் 2404 மி.மீ. அதாவது இரண்டரை மீட்டரோடு லென்ஸ் நின்றுவிடும். வளையத்தின் விளிம்பு இன்னொரு மில்லிமீட்டர் சேர்த்தால் ஒன்றேகால் மீட்டர்தான். 28 மி.மீ. லென்ஸில் முக்கால் மீட்டரைத் தாண்டாது. இதற்காகவே நடுவில் கண்ணாடி வைத்த வளையங்களும் விற்கிறார்கள். அந்தக் கண்ணாடி லென்ஸின் மி.மீ. எண்ணைக் கொஞ்சம் கூட்டி, முழுத் திறப்பில் படத்தை மெத்தென்று ஆக்கிவிடும். நல்ல தாக்குமாரை வாங்கி அதன் பின்னால் மட்டமான கண்ணாடியை வைப்பதில் அர்த்தம் இல்லை. நிக்கானில்தான் பூட்ட வேண்டும் என்றால் பூ, பூச்சி, முகம் ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள். முழுப் பயன் வேண்டுமானால் வேறு கேமரா உடல் தேடுங்கள்.

எந்த உடல் வாங்கலாம்?

பென்டாக்ஸ் கே உடல்தான் முதல் தேர்வு: கே1000, எம்எக்ஸ், எம்ஈ சூப்பர். தூரம் ஒன்றே என்பதால், மவுண்ட்டின் வாய்க்குள் முழுக்க இறங்கி உடலின் முகத்தோடு சமமாக நிற்கும் வளையம் வேண்டும். பென்டாக்ஸ் தானே செய்த வளையம் அப்படித்தான். பக்கத்தில் ஒரு தட்டை ஸ்பிரிங் இருக்கும், உள்ளே பூட்டிக்கொள்ளும். மலிவான நகல்களில் வெளியே ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்பு எவ்வளவோ அவ்வளவும் முடிவிலியிலிருந்து (தூரத்து ஃபோக்கஸிலிருந்து) போய்விடும். படத்தில் விளிம்பு தெரிந்தால் வாங்காதீர்கள். அதில் மிச்சம் பிடிக்கும் வெள்ளி (ரிங்கிட்) ஒரு ஃபிலிம் ரோலுக்குக்கூடக் காணாது.

உள்ளே போன வளையம் வெளியே வராமல் நிற்பதும் உண்டு. லென்ஸைக் கழற்றிய பிறகு ஸ்பிரிங்கின் நுனியை நகத்தாலோ மூங்கில் பல்குச்சியாலோ நடுப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வளையத்தை இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியில் கீறல் விழும்; பல்குச்சியே நல்லது.

கேனன் இஓஎஸ் ஃபிலிம் உடல்கள் மலிவு, அவற்றின் மீட்டர் கெட்டி. 1.46 மி.மீ. தட்டு வளையத்தோடு ஏவி (Av) நிலையில் தானாகவே ஷட்டர் வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். திரையில் அபர்ச்சர் 00 என்று வரும். அது பழுது இல்லை, லென்ஸோடு பேச மின் தொடர்பு இல்லை என்பதற்கான அடையாளம். ஆனால் அவற்றின் ஃபோக்கஸ் திரையில் பிளவு வட்டம் (ஃபோக்கஸ் சரியானால் இரு பாதியும் ஒன்றுசேரும் வட்டம்) இல்லை. எஃப்/1.4 போன்ற அகலத் திறப்பில் கையால் ஃபோக்கஸ் செய்வது கடினம்.

இஓஎஸ்-ல் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில லென்ஸ்களில் முடிவிலியில் வைக்கும்போது லென்ஸின் பின் கண்ணாடி வெகு பின்னால் வந்து, கேமராவின் பிரதிபலிப்புக் கண்ணாடி நிமிரும்போது அதில் மோதும். ஃபிலிம் போடும் முன் பல்ப் நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை), லென்ஸை முதலில் அருகில் ஃபோக்கஸ் செய்து ஒரு ஷாட், பிறகு கொஞ்சம் தூரம் தள்ளி ஒரு ஷாட் என்று முடிவிலி வரை சோதியுங்கள். பிரதிபலிப்புக் கண்ணாடி நிமிர்ந்து சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். லென்ஸை மறுபடி அருகில் ஃபோக்கஸ் செய்தால் அது விடுபட்டுக் கீழே வரும்.

மினோல்டா எக்ஸ்-700, எக்ஸ்-300 இரண்டும் ஏ நிலையில் நன்றாக ஓடும். எக்ஸ்-700-ல் பி (P, புரோகிராம்) நிலைக்குப் போகாதீர்கள்; அது எம்டி லென்ஸுக்கு மட்டும். கேனன் ஏஇ-1-ல் ஸ்டாப்-டவுன் நெம்புகோலை உள்ளே தள்ளி, ஊசி குறிக்கு நேராக வரும்வரை ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். பழக வேண்டிய வேலை, ஆனால் நடக்கும்.

பெரும்பாலான பிராக்டிக்கா, ஜெனித் உடல்களும் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கும் எம்42 தான், வளையமே வேண்டாம். ஃபூஜிநான் எம்42 லென்ஸில் மட்டும் அபர்ச்சர் வளையத்தின் பின்னால் ஒரு சின்ன மேடு நிற்கும். வேறு உடலிலோ தட்டு வளையத்திலோ பூட்டினால் அது உரசும். அதை அராவ நினைத்தால் லென்ஸைக் கழற்றித் தூள் உள்ளே போகாமல் செய்யுங்கள்.

பின்னால் நிற்கும் ஊசி

எம்42 தானியங்கி லென்ஸ்களில் பின்பக்கம் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். பழைய கேமராவில் ஷட்டர் பொத்தானை அழுத்தும்போது ஒரு தட்டு அந்த ஊசியைத் தள்ளும், அபர்ச்சர் மூடும். புதிய உடலில் அந்தத் தட்டு இல்லை. ஊசி அழுந்தாமல் இருந்தால் லென்ஸ் எஃப்/8 என்று காட்டினாலும் முழுக்கத் திறந்தே கிடக்கும். மீட்டர் முழுத் திறப்புக்கே கணக்குப் போடுவதால் வெளிச்சம் சரியாகத்தான் வரும். ஆனால் எல்லாப் படமும் எஃப்/1.8 போலப் பின்னணி மங்கி வரும். ஏன் என்று தெரியாமல் ஒரு ரோல் போய்விடும்.

லென்ஸின் பக்கத்தில் ஏ–எம் (தானியங்கி–கைமுறை) சுவிட்ச் இருந்தால் எம்-ல் வைத்தால் போதும். சூப்பர் தாக்குமார்களில் இது இருக்கிறது, ஹீலியோஸ் 44எம்-லும் உண்டு. 44எம்-4 முதல் பின்னால் வந்தவற்றில் இல்லை. சுவிட்ச் இல்லாத லென்ஸுக்கு, ஊசியை நிரந்தரமாக அழுத்திவைக்கும் உள்விளிம்பு கொண்ட வளையம் வாங்க வேண்டும். பென்டாக்ஸ் கே வளையத்தில் அந்த விளிம்புக்கு இடமே இல்லை. ஆகவே கே உடலுக்கு வாங்கும் லென்ஸில் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹீலியோஸ் 44-2 போன்ற ப்ரீசெட் லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் ஊசியே இல்லை.

செம்பனை வரிசையில் சோதனை

முடிவிலி சரியா என்று வியூஃபைண்டரில் மட்டும் பார்த்து நம்பக்கூடாது. வியூஃபைண்டரே பிசகி இருக்கலாம். ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இரண்டு தண்டவாளத்தின் மேல் மங்கலான செல்லோடேப்பை இழுத்து ஒட்டுங்கள். பளபள டேப் உதவாது. பென்சிலால் எழுதக்கூடிய, பால்போல மங்கின டேப் வேண்டும். ஒட்டும் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்கட்டும், சுருக்கம் விழக்கூடாது, ஷட்டர் திரையைத் தொடவும் கூடாது. கேபிள் ரிலீஸால் பல்ப் நிலையில் ஷட்டரைத் திறந்துவைத்து, லென்ஸை முழுத் திறப்பில் விட்டு, டேப்பில் விழும் தலைகீழ்ப் படத்தை எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பாருங்கள். தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணி போட்டுக்கொண்டால் பகலிலும் தெரியும்.

50 மி.மீ. லென்ஸுக்கு அரை கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் முடிவிலிக்குச் சமம்: தொலைபேசிக் கோபுரம், கோயில் கோபுரத்தின் கலசம், தோட்டத்துக்கு அப்பால் நிற்கும் மலையின் முகடு. 135 மி.மீ. லென்ஸுக்கு அரை கிலோமீட்டர் போதாது. மலையோ நிலாவோ வேண்டும். லென்ஸின் ஃபோக்கஸ் வளையம் திரும்பி முடியும் நிறுத்தத்தில் இடிக்கும் இடத்தில் அது கூர்மையாக வந்தால் வேலை முடிந்தது. நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூர்மை வந்து, அதைத் தாண்டினால் மங்கினால் வளையம் மெல்லியது. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் ரிஃப்ளெக்ஸ் கேமராவில் அதனால் தொல்லை இல்லை. தூர எண்கள் மட்டும் தப்பாகக் காட்டும்.

நிறுத்தம் வரை போயும் கூர்மை வராவிட்டால் வளையம் தடித்தது. எவ்வளவு தடித்தது என்பதைச் சொல்ல ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் போதும். செம்பனை பெரும்பாலும் 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நடுவது வழக்கம். ஒரு மரத்தின் பக்கத்தில், வரிசையின் கோட்டை ஒட்டி நின்றால் அடுத்த மரங்கள் 9, 18, 27, 36 மீட்டரில் அடுத்தடுத்து நிற்கும். மண்டோரிடம் (தோட்டக் கண்காணியிடம்) சொல்லிவிட்டு உள்ளே போங்கள். முதல் இடைவெளியை மட்டும் அளவு டேப்பால் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள், பழைய தோட்டங்களில் அளவு மாறும். மரத்துக்கு மரம் ஒரு நாளிதழ்த் தாளை ஒட்டி, கேமராவை முக்காலியில் வைத்து, லென்ஸை நிறுத்தத்தில் இடித்து வைத்துக்கொண்டு எந்தத் தாளின் எழுத்து மிகக் கூர்மை என்று பாருங்கள். 50 மி.மீ. லென்ஸில் இரண்டாம் மரம் கூர்மையானால் வளையம் 0.14 மி.மீ. அதிகம், மூன்றாம் மரமானால் 0.09, நான்காம் மரமானால் 0.07. முதல் மரத்திலேயே நின்றால் 0.28, அந்த வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

0.05 வரை தடித்திருந்தால் எஃப்/1.8-லேயே படத்தில் தெரியாது. 0.1 என்றால் எஃப்/5.6-க்கு மூடினால் மறைந்துபோகும். அதற்காக மட்டும் வளையத்தைத் தேய்க்கப் போகாதீர்கள்.

தேய்ப்பதும் தட்டு வைப்பதும்

அதற்கு மேல் இருந்தால் தேய்க்கலாம். ஒரு தடித்த கண்ணாடித் தட்டின் மேல் 1000 நம்பர் நீர்த்தாளை (தண்ணீரோடு தேய்க்கும் உப்புத்தாளை) ஒட்டி, தண்ணீர் தெளித்து, லென்ஸ் உட்காரும் பக்கத்தைக் கீழே வைத்து எட்டு வடிவத்தில் மெதுவாக ஓட்டுங்கள். இருபது சுற்றுக்கு ஒருமுறை நாலு இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 0.02 குறைந்தாலே லென்ஸ் சாய்ந்து உட்காரும், படத்தின் ஒரு ஓரம் மங்கும். இதற்கு வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் இரவல் வாங்குங்கள். லேத் பட்டறையில் இருக்கும். முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷால் மரையை நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். அலுமினியத் தூள் கேமராவுக்குள் போனால் ஷட்டரோடு போயிற்று.

மெலிந்த வளையத்துக்குத் தூர எண்களையும் சரியாக்க வேண்டும் என்றால் இடைத்தட்டு வைக்கலாம். பான டின்னின் பக்கச் சுவர் சுமார் 0.1 மி.மீ. தடிமன். சமையல் அலுமினியத் தாள் அதில் ஆறில் ஒன்று. லென்ஸின் தோளுக்கும் வளையத்துக்கும் நடுவே உட்காருமாறு கத்தரியால் வளையமாக வெட்டி, ஓரத்தின் பிசிறைக் கண்ணாடிமேல் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

லென்ஸ் வளையத்தோடு இறுகிக் கழலாமல் போனால் சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு பட்டை வெட்டி, ஒன்று லென்ஸின் பின்பகுதியிலும் மற்றொன்று வளையத்திலும் சுற்றிப் பிடித்துத் திருப்புங்கள். எண்ணெய் தெளிக்காதீர்கள், அது அபர்ச்சர் இதழ்களுக்கு ஓடினால் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும்.

படம் எடுக்கும் வரிசை

முழுத் திறப்பில் ஃபோக்கஸ் செய்யுங்கள். கண்ணை எடுக்காமல் அபர்ச்சர் வளையத்தைக் கிளிக் எண்ணி மூடுங்கள். மீட்டர் பாருங்கள், எடுங்கள். மூடிய பிறகு ஃபோக்கஸ் செய்யப் பார்த்தால் எஃப்/5.6-ல் பிளவு வட்டத்தின் ஒரு பாதி கறுத்துவிடும். ஹீலியோஸ் 44-2-ல் முன் வளையத்தில் எண்ணை வைத்துவிட்டால், பின் வளையம் அந்த எண்ணோடு தானாக நின்றுவிடும், எண்ணவே வேண்டாம்.

அபர்ச்சரை மூடி அளக்கும்போது உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. அப்போது கண் வைக்கும் ஜன்னல் வழியே பின்னாலிருந்து புகும் வெயில் மீட்டரை ஏமாற்றி, படத்தை இருட்டாக்கும். கண்ணை நன்றாக ஒட்டவையுங்கள். முக்காலியில் வைத்தால் ஜன்னலைக் கையால் மூடுங்கள். பால்மர (ரப்பர்) காட்டுக்குள் நின்று வெளிச் சாலையை எடுக்கும்போது இது அதிகம் தெரியும்.

39 மி.மீ. குடும்பம்

39 மி.மீ. மரையில் மூன்று தனித்தனிச் சாதிகள் உண்டு. ஃபோக்கஸ் வளையமே இல்லாவிட்டால் அது டார்க்ரூம் என்லார்ஜர் லென்ஸ். பின்பக்கம் ஒரு பித்தளை வளையம் ஃபோக்கஸோடு சேர்ந்து முன்பின் நகர்ந்தால் அது ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியே அல்லாமல் தனி ஜன்னலில் பார்த்து ஃபோக்கஸ் செய்யும் கேமரா) லென்ஸ். லைக்கா, கேனன், ஃபெட், ஸோர்க்கி எல்லாம் இதில் அடக்கம், தூரம் 28.8 மி.மீ. இரண்டும் இல்லாவிட்டால் பழைய ஜெனித் லென்ஸ், தூரம் 45.2 மி.மீ.

ஜெனித் லென்ஸுக்கு 39-லிருந்து 42-க்கு மாற்றும் மெல்லிய மரை வளையம் கிடைக்கும். எம்42 உடலில் வைத்தால் 0.26 மி.மீ. அதிகம், 50 மி.மீ. லென்ஸ் பத்து மீட்டரைத் தாண்டாது. இஓஎஸ் வளையத்தைத் தேய்த்து 1.2-க்குக் கொண்டுவந்தால் முடிவிலி வந்துவிடும்.

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை மேலே சொன்ன எந்த ரிஃப்ளெக்ஸ் உடலிலும் பூட்டிப் பயனில்லை, 13 மி.மீ.க்கு மேல் வித்தியாசம். லைக்கா எம் மவுண்ட் உடலில் 1 மி.மீ. வளையத்தோடு சரியாக உட்காரும், ஏனென்றால் எம் மவுண்ட்டின் தூரம் 27.8. வளையம் வியூஃபைண்டரில் எந்த ஃபிரேம் கோடுகளை (படத்தின் எல்லைக் கோடுகளை) எழுப்புமோ அது உங்கள் லென்ஸுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். சோவியத் ஜூபிட்டர் லென்ஸ்களின் ஃபோக்கஸ் இயக்கம், 50 மி.மீ. லென்ஸின் உண்மையான ஃபோக்கல் தூரம் 52.4 மி.மீ. என்ற அடிப்படையில் அமைந்தது, லைக்காவுக்கு அது 51.6. ஜூபிட்டர்-8-ஐ எஃப்/5.6-ல் எடுத்தால் தெரியாது. ஜூபிட்டர்-9, 85 மி.மீ., எஃப்/2-ல் அருகில் முகம் எடுத்தால் கண்ணுக்குப் பதில் வேறெங்கோ ஃபோக்கஸ் விழும். ஜூபிட்டர்-12-ன் பின் கண்ணாடி உள்ளே வெகுதூரம் நீளும். ஷட்டருக்கு முன்னால் மீட்டர் கை ஆடும் உடல்களில் அதைப் பூட்டாதீர்கள்.

பூஞ்சை

வாங்கும்போதே கைவிளக்கை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கிளை தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் சின்னதாக இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சையும் அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். மழைக்காலத்தில் நம் ஊர்களில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், தோல் பையும் மூடிய அலமாரியும் பூஞ்சைக்கு நாற்றங்கால். ரப்பர் வாஷர் வைத்த காற்றுப் புகாத உணவு டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, ஊசி 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் பழைய கிரீஸ் வறண்டு ஃபோக்கஸ் இறுகும். அப்போது ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். வளையத்தை லென்ஸோடு விட்டு வைக்காதீர்கள். மரை இடுக்கில் தங்கும் ஈரம் இரண்டையும் ஒட்டவைத்துவிடும். ஜெல்லின் நிறம் மாறியதும் பெரிய தட்டில் பரப்பி 120 பாகை அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியபின் மூடிப் போடுங்கள்.